பொகாஷி: எருவா, உரமா?

மியன்மாரில் பகோ ஊர்ப் பக்கத்தில் கோழி வளர்க்கிற நம்மாட்கள் வாயில் இப்போது புழங்குகிற சொல் பொகாஷி. நான் வாங்கிய சாக்கின் மேல் பர்மிய எழுத்தில் 'பொகாஷி மியே ஓஸா' என்று இருந்தது. மியே என்றால் மண், மியே ஓஸா என்றால் உரம். உரம்தானே என்று நம்பி, சாயங்காலம் இரண்டு கை அள்ளி மண்புழுப் பெட்டியில் பரப்பிவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் புழுக்கள் கொத்துக் கொத்தாகப் பெட்டி விளிம்பில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன, கீழே இருந்தவை வெளுத்து, நடுவில் புடைத்துச் செத்துக் கிடந்தன. அன்றைக்குத்தான் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தேட ஆரம்பித்தேன்.

பொகாஷி ஜப்பானியச் சொல். 'பொகாசு' என்ற வினையிலிருந்து வந்தது. மங்கலாக்கு, அழுத்தத்தைக் குறை என்று பொருள். மரப்பலகை அச்சு ஓவியங்களில் அடர்நீலம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போகும் பாருங்கள், அந்த உத்திக்கும் பொகாஷி என்றுதான் பெயர். வீரியம் மிகுந்த எருவைத் தவிட்டோடு கலந்து புளிக்கவைத்து மட்டுப்படுத்தினால் அதுவும் பொகாஷி. ஆக அந்தச் சொல்லிலேயே 'தணித்தது' என்றுதான் இருக்கிறது, 'மக்கியது' என்று இல்லை.

பர்மிய மொழியில் இதற்கு நல்ல வேறுபாடு இருக்கிறது. மக்கினதை மியேஸ்வே என்பார்கள், அதில் ஸ்வே என்பது அழுகி மக்குதல். மியே ஓஸாவில் உள்ள ஓஸா பாலி மொழியின் ஓஜா, அதாவது சத்து, நம் பக்கம் ஓஜஸ் என்கிறோமே அதே சொல்தான். தமிழில் உரம் என்பதும் முதலில் வலிமைதான், 'நெஞ்சுரம்' என்று இன்றும் சொல்கிறோம். எரு அப்படியில்லை. 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்று குறளிலேயே வந்துவிட்ட பழைய சொல் அது, சாணம், குப்பை எல்லாம் அதில் அடங்கும். அதனால் என் கருத்து இதுதான்: புழு தின்னப் போவது எரு, புழு தின்று வெளியே விடுவது உரம். சாக்கில் இருந்தது எரு.

சரி, எந்த எரு? 'நொதித்த' என்பது பாடப்புத்தகச் சொல், தப்பில்லை. ஆனால் 'புளித்த' என்பது இன்னும் துல்லியம். இட்லி மாவிலும் தயிரிலும் வேலை செய்கிற அதே வகை நுண்ணுயிர்கள்தான், கோழி எச்சத்தோடு பனைவெல்லக் கரைசலும் தவிடும் கலந்து காற்றுப் புகாமல் மூடிய டிரம்மிலும் வேலை செய்கின்றன. திறந்தால் புளிப்பு வாடைதான் வரும், கண்ணைக் கரிக்கிற நெடி அடங்கியிருக்கும். அடங்கியிருக்குமே தவிர போயிருக்காது. கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது, எச்சத்தோடு சேர்ந்து வருகிற வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம், அது அம்மோனியாவாக மாறும். புளிப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது, புளிப்பு குறையக் குறைய அவிழ்த்துவிடும். மண்புழு தோலால் மூச்சுவிடுகிற உயிர், கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் அம்மோனியாவைத் தாண்டினாலே தாங்காது. கோழி எருவில் உப்பும் அதிகம். போதாததற்குப் புளித்த சரக்கு திடீரென்று காற்றுப் பட்டால் சூடேறவும் செய்யும்.

இப்போது நான் டிரம்மில் மூன்று வாரம் புளிக்கவைத்ததை நிழலில் பரப்பி, இரண்டு வாரம் கிளறிவிடுகிறேன். புளிப்பு வாடையும் சூடும் போனபின் மாட்டுச் சாணமும் ஊறவைத்த வைக்கோலும் நிறையச் சேர்த்து, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் ஒரு பிடி வைத்துப் பார்ப்பேன். மறுநாள் புழு தானாக அங்கே போயிருந்தால் மீதியையும் போடலாம், ஒதுங்கி நின்றால் இன்னும் ஒரு வாரம் ஆற வேண்டும்.

அப்புறம், என் சாக்குகளில் இப்போது 'புளித்த கோழி எரு' என்று எழுதி, பக்கத்தில் டிரம் மூடிய தேதியையும் போட்டுவிடுகிறேன். பெட்டியிலிருந்து சலித்தெடுத்த கறுப்புக் குருணைக்குத்தான் 'மண்புழு உரம்' என்ற பெயர்.