நாட்: முகவரிப் பெயர்ப்பு

‘நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்’ என்பதன் சுருக்கம்தான் ரவுட்டரில் நாம் பார்க்கும் ‘நாட்’. அலுவலகக் கணினிகளுக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவது போன்ற உள்முகவரிகளே இருக்கும். இணையத்தில் அவை செல்லாது. அதனால் பொதி, அதாவது அனுப்பும் தரவின் ஒரு துண்டு, வெளியே போகும்போது அனுப்புநர் முகவரியை நீக்கிவிட்டு, தன் பொது முகவரியை ரவுட்டர் இடுகிறது. எந்தப் போர்ட் எண் (ஒவ்வோர் இணைப்பையும் பிரித்தறியும் எண்) எந்தக் கணினிக்கு உரியது என்று ஓர் அட்டவணையில் குறித்தும் வைக்கிறது. பதில் வந்ததும் அந்த அட்டவணையைப் பார்த்துப் பழைய முகவரியை மீண்டும் இட்டு உள்ளே அனுப்புகிறது.

ஐபி என்ற இணைய முகவரி முறையின் நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தாம். அவை தீர்ந்துவிடும் என்ற கவலையில், 1994 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1631 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இந்த முறையை விவரித்தது. குறுகிய காலத் தீர்வு என்றே அது சொன்னது.

டிரான்ஸ்லேஷன் என்றதும் ‘முகவரி மொழிபெயர்ப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே மொழிக்கு வேலையே இல்லை. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு ‘அப்பால் கொண்டுசெல்லுதல்’ என்று பொருள். தமிழில் ‘பெயர்தல்’ என்பதும் இடம்விட்டு நகர்வதுதான்: புலம்பெயர்ந்தார், வேரோடு பெயர்த்தார் என்கிறோம். சங்கப் பாடல்களில் வரும் ‘மொழிபெயர் தேஎம்’ வேற்றுமொழி வழங்கும் நாடு. ஆகவே முன்னொட்டு எதுவுமில்லாத ‘முகவரிப் பெயர்ப்பு’ போதும். ‘முகவரி மாற்றம்’ எளிதுதான்; ஆனால் வீடு மாறியவர் வங்கியில் செய்வதும் அதுவே. பதில் வரும்போது பழைய முகவரி திரும்பும் என்ற குறிப்பு அதில் இல்லை.

சொல் தெளிவானால் அமைப்பதும் தெளிவாகும். இணைய நிறுவனம் 203.0.113.8/29 என்ற தொகுதியைத் தருகிறது என்று கொள்வோம். /29 என்றால், இங்கே 8 முதல் 15 வரையான எண்களில் முடியும் எட்டு முகவரிகள். எட்டில் முதலும் கடைசியும் கழியும். 9 என்று முடிவது அவர்களுடைய ரவுட்டருக்கு. 10 முதல் 14 வரை ஐந்து நமக்கு. ஊழியர் கணினிகள் எல்லாம் 10 வழியாகப் போகட்டும். அனுப்புநர் முகவரி மாறுவதால் இது மூலப் பெயர்ப்பு, ‘எஸ்-நாட்’. 11-க்கு வரும் அஞ்சலை 192.168.1.20-இல் உள்ள சர்வருக்குத் திருப்புவது சேரிடப் பெயர்ப்பு, ‘டி-நாட்’. அதற்கு முன், 11-உம் தன்னுடையதே என்று ரவுட்டர் பதில் சொல்லும்படி அதைக் கூடுதல் முகவரியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அஞ்சல் சர்வர் தானாகத் தொடங்கும் இணைப்புகளோ 10 வழியாகவே வெளியேறும். சர்வரின் பெயரும் அந்த முகவரியும் பொருந்தாததால், பெறும் சர்வர்கள் அந்த அஞ்சலை எரிதம் (ஸ்பேம்) என்று ஒதுக்கக்கூடும். எனவே சர்வருக்கு மட்டும் 11-ஐ இடும் மூலப் பெயர்ப்பு விதி தனியாக வேண்டும். லினக்ஸ் ரவுட்டர்களில், இடவேண்டிய முகவரியைத் தானே தேர்ந்தெடுக்கும் ‘மாஸ்கரேட்’ விதி இதற்கு உதவாது. வெளி இடைமுகத்தின் (ரவுட்டர் இணையத்தோடு இணையும் முனையின்) முதன்மை முகவரியைத்தான் பொதுவாக அது எடுக்கும். முதலில் பொருந்தும் விதியே செல்லுபடியாகும் என்பதால், சர்வருக்கான விதி பொதுவிதிக்கு மேலே இருக்க வேண்டும்.