மட்டி டிஎன்ஏ: டியூபின் மேல் எந்தத் திசு என்று எழுதுங்கள்

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கி, பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும் மாதங்களில் சேலத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு மட்டி வரத்து கூடிவிடும். நீர் வடிந்த சேற்றில் பாதி புதைந்து கிடக்கும், எடுப்பது சுலபம். முதுகலை விலங்கியல் மாணவர்களுக்கு அது ப்ராஜெக்ட் நேரமாகவும் அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஐஸ் பெட்டியில் சின்னச் சின்ன டியூப்கள், மேலே மார்க்கரில் "பண்ணவாடி 3", "பனமரத்துப்பட்டி 1", "ஏற்காடு ஏரி 2". உள்ளே ஆல்கஹாலில் வெளுத்துப்போன ஒரு சதைத் துண்டு.

அந்தத் துண்டு மட்டியின் உடம்பில் எந்த இடத்தில் வெட்டியது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. "மட்டி சதைதான் சார்" என்பார்கள். மீன் என்றால் இந்தப் பதில் போதும். மட்டிக்குப் போதாது.

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு டிஎன்ஏ வளையம் உண்டு என்று எல்லோரும் படித்திருப்போம். மனிதரில் அதன் நீளம் 16,569 எழுத்து (ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம்). மரபணுக்கள் 37: புரதத்துக்கு 13, புரதம் கட்டும் வேலைக்கு உதவும் டிஆர்என்ஏ 22, ஆர்ஆர்என்ஏ 2. 1981-லேயே முழுவதும் வாசித்தாகிவிட்டது. இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் என்பது பாடம். இனம் கண்டறிய இப்போது எல்லோரும் செய்யும் பார்கோடிங்கும் இந்த வளையத்திலிருந்துதான். காக்ஸ் 1 மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியை வாசித்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறோம். ஓர் உடம்பில் ஒரே வகை மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் நடக்கும் வேலை இது.

மட்டி போன்ற இரட்டை ஓட்டுள்ள உயிர்களில் பல இந்த நம்பிக்கைக்குக் கட்டுப்படுவதில்லை. 1990-களின் தொடக்கத்தில் மைட்டிலஸ் எடுலிஸ் என்னும் நீலக் கடல் மட்டியில் இது வெளியே வந்தது. பெண் மட்டிக்கு அம்மாவின் டிஎன்ஏ மட்டும். ஆண் மட்டிக்கு இரண்டும் வருகிறது: உடம்பு முழுக்க அம்மாவுடையது, விந்தகத்தில் அப்பாவுடையது. அந்த அப்பா வகையைத்தான் அவன் தன் மகன்களுக்குக் கொடுக்கிறான். மைட்டிலஸ் விந்தணு ஒன்று முட்டைக்குள் கொண்டுபோகும் மைட்டோகாண்ட்ரியா வழக்கமாக ஐந்துதான். பெண்ணாகப் போகும் கருவில் அவை ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிவிடும். ஆணாகப் போகும் கருவில் செல் பிரியப் பிரிய ஒன்றையொன்று விடாமல் கூடி நின்று, பின்னால் விந்தகமாக மாறும் செல்களுக்கே போய்ச் சேரும். உயிரியலில் எனக்குப் பிடித்த சங்கதிகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

சரி, கடல் மட்டி கதை சேலத்துக்கு எதற்கு? நம் குளம் குட்டைகளிலும் ஏரிகளிலும் சாதாரணமாகக் கிடைக்கும் லமெல்லிடென்ஸ் மட்டி யூனியனிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த இரட்டை வழிப் பழக்கம் மிகப் பரவலாகப் பதிவாகியிருக்கும் நன்னீர்க் குடும்பம் அதுதான். அந்தக் குடும்பத்தில் அப்பா வழியில் வரும் ஆண் வகை டிஎன்ஏவும் அம்மா வழியில் வரும் பெண் வகையும் பிரிந்து 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை காலமும் தனித்தனியே மாறிக்கொண்டு வந்ததில், ஒரே மட்டியின் கால் நுனிக்கும் விந்தகத்துக்கும் இடையே எழுத்து வித்தியாசம் 30 விழுக்காட்டைத் தொடும், தாண்டவும் செய்யும். பார்கோடிங்கில் 2, 3 விழுக்காடு வித்தியாசம் வந்தாலே வேறு இனமோ என்று யோசிக்கிறோம். அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்? விந்தகச் சதை கலந்த டியூபிலிருந்து வரும் முடிவைப் பார்த்து, சேர்வராயன் மலை அடிவாரத்தில் புது மட்டி இனம் என்று யாராவது செய்தித்தாளுக்குப் போன் போட்டுவிடலாம். புது இனம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் மவுசு அப்படி.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நன்னீர் மட்டிகளில் ஆண் வகைகள் எல்லாம் இனம் தாண்டி ஒரு கிளையாகவும், பெண் வகைகள் எல்லாம் இன்னொரு கிளையாகவும் சேரும். உங்கள் எழுத்துவரிசை லமெல்லிடென்ஸ் கிளையை விட்டுவிட்டு, அமெரிக்காவிலோ சீனாவிலோ எடுத்த வேறு பேரினங்களின் ஆண் வகைகளோடு போய் உட்கார்ந்தால் அது புது இனமில்லை, விந்தகம். இன்னொரு அடையாளம் காக்ஸ் 2 மரபணு. யூனியனிடே ஆண் வகையில் இந்த மரபணுவின் கடைசியில் 200-க்குச் சற்றுக் குறைவான அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு வால் கூடுதலாக இருக்கும். பெண் வகையில் அந்த வால் கிடையாது. போதாததற்கு, இரண்டு வகைகளிலும் வழக்கமான 37-க்குள் வராத தனி மரபணு ஒவ்வொன்று இருக்கிறது. ஆண், பெண் தீர்மானத்தில் அவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்பது இந்தத் துறையில் பேசப்படும் கருத்து.

வெட்டும் இடத்துக்கு வருவோம். ஓட்டைத் திறந்ததும் கோடாரி அலகு போல ஒரு தசை தெரியும், அதுதான் கால். அதன் அடிப்பகுதிக்கு மேலே, குடல் சுற்றிக் கிடக்கும் மெத்தென்ற பகுதிக்குள்ளேயே இனப்பெருக்கச் சுரப்பியும் பரவியிருக்கும். தனிப் பையாகக் கையில் வராது. காலை வெட்டுகிறேன் என்று பிளேடைக் கொஞ்சம் உள்ளே இறக்கினால் சுரப்பியும் சேர்ந்து வந்துவிடும். பருவத்தில் இருக்கும் ஆணில் அங்கே குத்தினால் பால் போல ஒரு திரவம் கசியும். ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் விந்தணுக்கள் நெளிவது தெரிந்துவிடும். உயிரோடு இருக்கும்போதே இதைப் பார்த்து ஆண், பெண் எழுதிக்கொள்ளுங்கள். ஆல்கஹாலில் போட்டபின் சிரமம். திசுவுக்குக் காலின் நுனியில் அரிசி அளவு போதும். இல்லாவிட்டால் ஓட்டை ஒட்டியிருக்கும் மேன்டில் என்னும் மெல்லிய சவ்வின் விளிம்பு. சில இனங்களில் ஆணின் உடல் திசுவிலும் ஆண் வகை கொஞ்சம் கசிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள், அதனால் முடிந்தவரை பெண் மட்டியையே பார்கோடிங்குக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நாளைக்குச் சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

முழு வளையத்தையும் வாசிக்கும் துணிச்சல் உள்ளவர்களுக்கு இன்னும் சில வேடிக்கைகள் காத்திருக்கின்றன. கிராஸாஸ்ட்ரியா ஆளிகளில் பெரிய ஆர்ஆர்என்ஏ மரபணு இரண்டு துண்டாக உடைந்து, நடுவே வேறு மரபணுக்கள் புகுந்திருக்கும். ஒரு மரபணு ஒரே தொடர்ச்சியாக இருக்கும் என்று நினைக்கும் மென்பொருள் பாதியைக் காட்டிவிட்டு மீதியை விட்டுவிடும். அட்லாண்டிக் கடலின் ஸ்காலப் சிப்பி ஒன்றில் வளையம் 30,000 எழுத்தைத் தாண்டுகிறது, அனடாரா என்னும் கடல் மட்டி ஒன்றில் கிட்டத்தட்ட 47,000. ஏடிபி 8 என்ற குட்டி மரபணு இரட்டை ஓட்டு உயிர்களில் இல்லவே இல்லை என்று வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு தேடிப் பார்த்தால், உருமாறிய நிலையில் பல இனங்களில் இருக்கத்தான் செய்கிறது.

மாணவர்கள் அடிக்கடி பதறி வரும் இன்னொரு விஷயம்: "நடுவிலேயே ஸ்டாப் கோடான் வருது சார், சீக்வென்ஸ் வீணா?" ஸ்டாப் கோடான் என்பது புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்துக் குறி. அது வந்தாலும் பெரும்பாலும் வீணில்லை. எழுத்துவரிசையைப் புரதமாக மொழிபெயர்க்கும் கருவியில் தானாக நிற்கும் முதல் மரபுக்குறி அட்டவணையை மாற்றாமல் விட்டிருப்பார்கள். அதில் டிஜிஏ என்றால் நிறுத்தம். மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம். முதுகெலும்புள்ளவற்றின் அட்டவணையை வைத்தாலும் உதைக்கும். அதில் ஏஜிஏ நிறுத்தம், மட்டியில் செரின். முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியாவுக்கான ஐந்தாவது அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் ஸ்டாப் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கடைசியாக, சீக்வென்ஸிங் கம்பெனியிடம் எழுத்துவரிசையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு நிறச் சிகரமாகக் காட்டும் குரோமடோகிராம் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். காசு கட்டியாகிவிட்டது, அது உங்களுடையது. வரிசை நெடுக ஒரே இடத்தில் இரண்டு நிறச் சிகரங்கள் திரும்பத் திரும்ப எழுந்தால், இரண்டு வகை டிஎன்ஏவும் ஒரே டியூபில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதே டியூபை மறுபடி அனுப்பிப் பணத்தை விடாதீர்கள். அதே மட்டியின் கால் நுனியில் புதிதாக ஒரு துண்டு வெட்டி, டியூபின் மேல் ஊர்ப் பெயருக்குக் கீழே "ஆண், கால் நுனி" என்று எழுதி அனுப்புங்கள்.