பி-101 என்பது பம்பா, இடமா?

"போன வருஷம் பி-101 எத்தனை தடவை பழுதாச்சு?"

ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு நிறுவன மாதிரி, அதாவது அங்குள்ள பொருள்களையும் வேலைகளையும் அவற்றின் தொடர்புகளையும் காட்டும் படம், வரைந்துகொண்டிருந்தபோது நான் கேட்ட கேள்வி இது. பராமரிப்புப் பொறியாளர், பழுது பார்க்கும் பட்டறையின் பொறுப்பாளர், ஸ்டோர்காரர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் எனச் சுவரில் ஒட்டிய வரைபடத்தைச் சுற்றி நின்றிருந்தோம். நடுவில் 'பம்ப்' என்று ஒரு பெட்டி, அதிலிருந்து ஏழெட்டு அம்புக்குறிகள். எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொண்ட படம்தான்.

பராமரிப்புப் பொறியாளர் ரிப்போர்ட்டைப் பார்த்து ஏழு என்றார். பட்டறைப் பொறுப்பாளர் தன் பதிவேட்டைப் புரட்டினார். "இல்ல சார், எங்ககிட்ட ரெண்டு தடவைதான் வந்திருக்கு."

கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிச்சை அவிழ்த்தது ஸ்டோர்காரர். "அந்த இடத்துல ஓடுற பம்ப்பைக் கழட்டினா என்கிட்ட இருக்கிற ஸ்பேரை மாட்டுவாங்க. கழட்டினது சரியாகி என்கிட்டதான் வரும். அப்புறம் எங்க தேவையோ அங்க போகும்."

பராமரிப்புப் பிரிவுக்குப் பி-101 என்பது ஓர் இடம்: குளிர்விப்புக் குழாய்த் தொடரில், குறிப்பிட்ட பீடத்தின் மேல், குறிப்பிட்ட அளவு நீரைத் தள்ள வேண்டிய இடம். பட்டறைக்கு அது வரிசை எண் பொறித்த ஓர் இயந்திரம், அதாவது இப்போது அந்தப் பீடத்தில் உட்கார்ந்திருப்பது. கணக்குப் பிரிவுக்கோ அது வாங்கிய தேதியும் தேய்மானமும் உள்ள ஒரு சொத்து எண். ஏழும் சரி, இரண்டும் சரி. தவறு என் பெட்டியில் இருந்தது. மூன்று வேறு பொருள்களை ஒரே சொல்லுக்குள் போட்டு மூடியிருந்தேன்.

இதற்குத்தான் ஆன்டாலஜி தேவைப்படுகிறது. தத்துவத்தில் அந்தச் சொல், உலகில் என்னென்ன இருக்கின்றன, அவை எப்படிப்பட்டவை என்று ஆராய்வதைக் குறிக்கும். கணினித் துறையில் டாம் க்ரூபர் 1993-இல் தந்த வரையறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஒரு துறையைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் கருத்தாக்கத்தை வெளிப்படையாக எழுதி வைப்பது. வெளிப்படையாக என்பதுதான் அதில் முக்கியம். நான்கு பேரும் பம்ப் பற்றிய கருத்தாக்கத்தோடுதான் வந்திருந்தார்கள். ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்கள், எதுவும் எழுத்தில் இல்லை.

நிறுவனங்களை மாதிரியாக வரைவது புதிய வேலை இல்லை. ஒரு நிறுவனத்தை எந்தெந்தக் கோணங்களில் விவரிக்கலாம் என்று காட்டும் தன் சட்டகத்தை ஜான் சாக்மன் 1987-இல் வெளியிட்டார். வணிகச் செயல்முறைகளுக்கு பிபிஎம்என், நிறுவனக் கட்டமைப்புக்கு ஆர்க்கிமேட் என்று தரப்படுத்தப்பட்ட குறியீடுகளும் வந்துவிட்டன. எந்த வடிவத்துக்கு என்ன பெயர், எந்தக் கோடு எதை எதோடு இணைக்கலாம் என்பதை அவை நன்றாகவே சொல்கின்றன. ஆனால் பெட்டிக்குள் நீங்கள் எழுதும் 'பம்ப்', 'ஆர்டர்', 'வாடிக்கையாளர்' எதைக் குறிக்கிறது என்பதை அவை சொல்ல முடியாது. அது உங்கள் வேலை. பெரும்பாலான இடங்களில் யாரும் செய்யாத வேலையும் அதுதான்.

சொற்பட்டியல் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. 'பம்ப்: திரவத்தைத் தள்ளும் கருவி' என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை, ஏழா இரண்டா என்ற தகராறும் அப்படியே இருக்கும். நான் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன். இன்று பார்த்ததும் போன வருடம் பார்த்ததும் ஒன்றேதான் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? எது நடந்தால் அது இல்லாமல் போய்விட்டது என்பீர்கள்? இயந்திரத்தை உருக்கி விற்றாலும் பி-101 என்ற இடம் இருக்கும். அந்தக் குழாய்த் தொடரையே பிரித்துவிட்டால் இடம் போய்விடும், இயந்திரம் ஸ்டோரில் பத்திரமாக இருக்கும். பிறப்பும் முடிவும் வேறு வேறானால் அவை இரண்டு பொருள்கள். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

நிக்கோலா குவாரினோவும் கிறிஸ் வெல்ட்டியும் உருவாக்கிய ஆன்டோக்ளீன் என்ற முறை இத்தகைய கேள்விகளை ஒழுங்குபடுத்தித் தருகிறது. அதில் எனக்குத் தினமும் உதவுவது ஒரே ஒரு வேறுபாடு. ஒருவர் மனிதர் என்பது அவர் உள்ளவரை மாறாது. அவர் ஊழியர் என்பது வேலையை விட்ட நாளோடு முடியும். முதலாவது இயல்பு, இரண்டாவது பங்கு. இந்த இரண்டையும் குழப்பினால் மாதிரி எங்கே உடைகிறது என்று பாருங்கள். 'வாடிக்கையாளர்' என்று ஒரு மேல்பெட்டி, அதன் கீழே 'தனிநபர்', 'நிறுவனம்' என்று இரண்டு வகைகள். இப்படி வரையாத நிறுவனத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்தப் படம் உண்மையில் என்ன சொல்கிறது? எல்லாத் தனிநபர்களும் வாடிக்கையாளர்களே என்று சொல்கிறது. அப்படியானால் நமக்குப் பொருள் வழங்கும் நிறுவனத்தை எங்கே வைப்பது? அதற்கு 'வழங்குநர்' என்று இன்னொரு மரம், அதன் கீழே மறுபடியும் தனிநபர், நிறுவனம். ஒரே நிறுவனம் நம்மிடம் வாங்கவும் செய்து நமக்கு விற்கவும் செய்தால் அதற்கு இரண்டு பதிவுகள், இரண்டு முகவரிகள். ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று பழையதாகவே கிடக்கும். தனிநபரும் நிறுவனமும் இயல்புகள், வாடிக்கையாளரும் வழங்குநரும் அவர்கள் ஏற்கும் பங்குகள் என்று பிரித்து எழுதினால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

அம்புக்குறிகளுக்கும் பொருள் வேண்டும். 'பகுதி' என்ற உறவையே எடுத்துக்கொள்ளுங்கள். இம்பெல்லர் (உள்ளே சுழன்று திரவத்தைத் தள்ளும் சக்கரம்) பம்ப்பின் பகுதி, பம்ப் குளிர்விப்பு அமைப்பின் பகுதி, ஆகவே இம்பெல்லரும் அந்த அமைப்பின் பகுதி. சரி. பொறியாளர் பாதுகாப்புக் குழுவின் பகுதி என்று அதே அம்பைப் போட்டால், அவருடைய கையும் அந்தக் குழுவின் பகுதி என்று கணினி முடிவு கட்டும். உறுப்பு என்பதும் உறுப்பினர் என்பதும் வேறு உறவுகள். அவற்றுக்குத் தனித்தனி அம்புகள் தேவை.

எங்கிருந்து தொடங்குவது? கேள்விகளிலிருந்து. டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் டோவ் என்ற நிறுவன ஆன்டாலஜித் திட்டத்தை நடத்திய மார்க் ஃபாக்ஸும் மைக்கேல் க்ரூனிங்கரும் 1990-களில் முன்வைத்த வழி இது: உங்கள் மாதிரி எந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள், விடை சொல்லத் தேவையானதை மட்டும் மாதிரியில் வையுங்கள். முப்பது ஆண்டு பழைய யோசனைதான், ஆனால் இதைவிடப் பயனுள்ள ஒன்றை இந்தத் துறையில் நான் கற்றதில்லை. நாங்கள் அன்று வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, நான்கு பிரிவுகளிடமும் ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதி வாங்கினோம். 'இந்த இயந்திரம் இதற்கு முன் எங்கெங்கே ஓடியது?' என்று பட்டறைப் பொறுப்பாளர் எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எந்தச் சிஸ்டத்திலும் வழி இல்லை.

வழி செய்ய இடம், இயந்திரம் இரண்டும் மட்டும் போதவில்லை. 'பொருத்தம்' என்று மூன்றாவது ஒன்றை வைத்தோம்: இந்த இயந்திரம், இந்த இடத்தில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. அதுவரை வெறும் அம்பாக இருந்தது தனக்கென்று ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு பொருளாகிவிட்டது. ஆலைத் தரவுகளுக்கான ஐஎஸ்ஓ 15926 தரமும் செய்ய வேண்டிய வேலைக்கான இடத்தையும் அதை நிரப்பும் பொருளையும் பிரித்துத்தான் பார்க்கிறது. எஸ்ஏபி போன்ற மென்பொருள்களிலும் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவுகள் உண்டு. வசதி இருந்தும் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் ஏற்றிவிடும் பழக்கம்தான் வில்லங்கம்.

கருவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2004-இல் பரிந்துரையாக்கிய ஓடபிள்யூஎல் என்ற ஆன்டாலஜி மொழியில் இதையெல்லாம் எழுதலாம், அனுமான மென்பொருள் அதிலிருந்து புதிய முடிவுகளைத் தரும். ஆனால் டேட்டாபேஸ் பழக்கத்தில் வருபவர்கள் இங்கே இடறி விழுகிறார்கள். 'ஒவ்வொரு பம்ப்புக்கும் ஒரு தயாரிப்பாளர் உண்டு' என்று எழுதிவிட்டுத் தயாரிப்பாளர் பெயரைக் கொடுக்காமல் விட்டால், அந்த மென்பொருள் அதைப் பிழை என்று சொல்லாது. யாரோ ஒருவர் இருக்கிறார், நமக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். பதிவில் இல்லாததைப் பொய் என்று கொள்ளாமல், இன்னும் தெரியாதது என்று கொள்ளும் தர்க்கம் அது.

நாங்கள் தொடக்கத்தில் 'ஓர் இடத்தில் ஒரே ஓர் இயந்திரம்தான் இருக்கும்' என்று எழுதி, பழைய பதிவுகளைத் தேதி இல்லாமல் ஏற்றினோம். பி-101-இல் அடுத்தடுத்து இருந்த இரண்டு இயந்திரங்கள் வந்தன. முரண்பாடு என்று கத்தும் என எதிர்பார்த்தோம். அதுவோ, இரண்டு வரிசை எண்களும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பெயர்கள் என்று அமைதியாக முடிவு செய்து, அவற்றின் வரலாறுகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டது. வெவ்வேறு பெயர் என்றால் வெவ்வேறு பொருள் என்று அந்த மொழி தானாக நினைக்காது. நாம்தான் சொல்ல வேண்டும். விடுபட்ட பதிவுகளைப் பிடிக்க வேண்டுமென்றால் 2017-இல் வந்த ஷேக்கல் என்ற சரிபார்ப்பு மொழி அதற்கென்றே உள்ளது. அனுமானிக்க ஒன்று, சரிபார்க்க ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிதித் துறைக்கு ஃபைபோ, எல்லாத் துறைகளுக்கும் மேலான அடிப்படையாக ஐஎஸ்ஓ/ஐஇசி 21838-2 தரத்தில் உள்ள பிஎஃப்ஓ என்று ஆயத்தமான ஆன்டாலஜிகளும் இருக்கின்றன. பாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் கூட்டத்திலேயே அவற்றை மேசையில் பரப்பாதீர்கள். ஸ்டோர்காரர் வாயைத் திறக்க மாட்டார். அவர் பேசாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

தேதிகளைச் சரிசெய்து பழைய பதிவுகளை மறுபடி ஏற்றியதும், பட்டறைப் பொறுப்பாளர் எழுதிய கேள்வியைத்தான் முதலில் ஓட்டினோம். ஒரு வரிசை எண் தனியாகத் தெரிந்தது. மூன்று வெவ்வேறு இடங்களில் மாறி மாறி ஓடிய இயந்திரம் அது. மூன்றிலும், ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டைச் சுற்றித் திரவம் வெளியேறாமல் தடுக்கும் சீல் கசிந்திருந்தது. சீலை அங்கேயே மாற்றிவிட்டதால் பட்டறைக்குச் செய்தி போகவில்லை. பராமரிப்புப் பிரிவிலோ ஒவ்வொரு கசிவும் அந்தந்த இடத்தின் கணக்கில் ஏறியிருந்தது. பட்டறைப் பொறுப்பாளர் அன்று மாலையே அதைக் கழற்றி வரச் சொன்னார். ஷாஃப்ட் லேசாக வளைந்திருந்தது.