ஒரே பெயர், இரண்டு புரொசசர்

போன மாரி காலத்தில் கல்லடியிலிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் தன் வேர்க்ஸ்டேஷனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அண்ணன், ரேம் புதுசு, விண்டோஸும் திருப்பிப் போட்டாச்சு. ஒன் பண்ணினா நீலத்திரைதான் வருது." மழையில் நனையாமல் உரப்பையால் சுற்றியிருந்தார்.

வேறொரு கடையில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, இன்னொரு கொம்பியூட்டரில் வைத்து ஃபோர்மட் செய்து விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். இதே மெஷினில் விண்டோஸ் பென்டிரைவைப் போட்டால் அதுவும் அதே நீலத்திரையில் நிற்கிறதாம். அந்த இடத்திலேயே கை நின்றிருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பென்டிரைவும் விழுகிறதென்றால், டிஸ்கில் உள்ள விண்டோஸ் மீது குற்றமில்லை.

திரையின் அடியில் இருந்த பிழை எண்ணை யாரும் வாசிக்கவில்லை. அது 3ஈ. அரிதாகத்தான் வரும், பல புரொசசர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஒரே போர்டில் பென்டியத்தையும் அதற்கு முந்தைய 486 புரொசசரையும் சேர்த்தால் இது வரும் என்று மைக்ரோசொஃப்ட் உதாரணமே தருகிறது. விண்டோஸ் முதலில் ஒரு புரொசசரில் எழும்பி, பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக எழுப்பும். ஒன்றில் உள்ள வசதி மற்றதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடும். அது சரியான முடிவு. ஓடிக்கொண்டிருக்கும் வேலை எந்த நேரமும் அடுத்த புரொசசருக்கு மாறலாம். அங்கே அந்தக் கட்டளை இல்லையென்றால் பாதி வழியில் விழும்.

"கடைசியா இதில என்ன மாத்தினீங்க தம்பி?" என்று கேட்டேன். இன்டெலின் ஸியோன் புரொசசர் ஒன்றோடு நன்றாக ஓடிய மெஷினுக்கு, எடிட்டிங் வேகமாக வேண்டுமென்று, பாவித்த இன்னொன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருக்கிறார். இரண்டும் ஈ5-2670. பெயரில் ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை.

இரண்டாவதைக் கழற்றினேன். அதன் பக்கத்து ஸ்லொட்டில் உள்ள ரேம் அது இல்லாமல் வேலை செய்யாது, ஆகவே ரேமையும் முதல் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இதை மறந்து "ரேம் போய்விட்டது" என்று முடிவுகட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். மாற்றியதும் விண்டோஸ் சிரமமில்லாமல் எழும்பியது. கழற்றியதை முதல் சொக்கெட்டில் தனியாகப் போட்டேன், அப்போதும் எழும்பியது. இரண்டுமே நல்லவை, சேர்ந்தால்தான் பிழை.

புரொசசர்களின் மூடியில் இருந்த பேஸ்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, டோர்ச்சைச் சரித்துப் பிடித்தேன். ஒன்றில் பொறித்திருந்த எண் எஸ்ஆர்0எச்8, மற்றதில் எஸ்ஆர்0கேஎக்ஸ். ஸ்டெப்பிங் என்றால் ஒரே மொடலின் திருத்தப் பதிப்பு. முதலாவது சி1 ஸ்டெப்பிங், மற்றது சி2. இரண்டையும் சேர்த்துப் போட்டு உபுண்டு லினக்ஸ் பென்டிரைவில் எழுப்பினால் அது எழும்பியது. அதன் 'சிபியு இன்ஃபோ' கோப்பில் ஸ்டெப்பிங் எண் ஒன்றுக்கு 6, மற்றதுக்கு 7 என்று காட்டியது.

ஸ்டெப்பிங் மாறினாலே மெஷின் நிற்கும் என்றில்லை. பல போர்டுகள் தாங்கும். இந்த போர்டின் பயோஸில் ஒன்றுக்குப் புதிய மைக்ரோகோட் (புரொசசருக்குள்ளேயே ஓடும் சிறு மென்பொருள்), மற்றதுக்கு மிகப் பழையது. 2018இல் ஸ்பெக்டர் என்ற புரொசசர் பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு வந்த மைக்ரோகோட்கள் புரொசசருக்குப் புதிய பாதுகாப்பு வசதிகளையே சேர்த்தன. ஒன்றுக்கு அவை கிடைத்தன, மற்றதுக்கு இல்லை. அதைத்தான் விண்டோஸ் கண்டுபிடித்தது. புதிய பயோஸ் தேடினேன், அந்த போர்டுக்குக் கிடைக்கவில்லை. விற்றவரிடம் பேசி, மூடியின் படத்தை முதலில் அனுப்பச் சொல்லி, ஏற்கெனவே இருந்ததைப் போலவே எஸ்ஆர்0கேஎக்ஸ் ஒன்றை மாற்றி எடுத்தோம். பாவித்த ஜோடி வாங்குகிறவர்கள் பெயரோடு இந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

மெஷின் ஒரு கிழமையில் சரியாகிவிட்டது. ஆனால் ஒரு கலியாண வீட்டின் வீடியோ முழுவதும் டெஸ்க்டொப்பில் இருந்திருக்கிறது. ஃபோர்மட்டில் அது போய்விட்டது. இரண்டு இரவு ரிக்கவரி ஓடவிட்டேன். மணவறைக் கிளிப்புகள் கொஞ்சம் வந்தன. தாலி கட்டும் கிளிப் வரவேயில்லை.