எஞ்சினுக்கு ஒரே வேகம், சக்கரத்துக்குப் பல வேகம்

வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் புல்வெளி, இடையிடையே மரங்கள், பின்பக்கம் ஒரு சரிவு. இதற்கு எத்தனை குதிரைத்திறன் உள்ள புல்வெட்டும் வண்டி வாங்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குதிரைத்திறனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உட்கார்ந்து ஓட்டும் வண்டியைத் தேர்ந்தெடுக்க உதவும் விவரங்கள் அந்த மரங்களிலும் சரிவிலும்தான் இருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள இருக்கைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெட்டும் வேலை எளிது. 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி, உருளையில் பொருத்திய கத்திகளால் கத்தரிபோல் வெட்டியது. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் கிடைமட்டமாகச் சுழலும் பிளேடுதான். அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. புல் வளைந்து விலகுவதற்குள் வெட்டு விழுந்துவிடுகிறது. பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதால் காற்று மேலே இழுக்கப்பட்டு, சாய்ந்த புல்லும் நிமிர்கிறது. வேகம் குறைந்தால் இந்த இரண்டும் கெடும். புல் அறுபடாமல் கிழியும், இரண்டொரு நாளில் நுனி பழுப்பேறும்.

ஆக, பிளேடுக்காக எஞ்சின் எப்போதும் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளுக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரத்தின் தேவையோ வேறு. மரத்தடியில் ஊர வேண்டும், திறந்த வெளியில் விரைய வேண்டும், மூலையில் நின்று பின்னால் வர வேண்டும். சாதாரண கியர்பெட்டி என்றால் ஒவ்வொரு மரத்துக்கும் கிளட்ச், நிறுத்தம், கியர் மாற்றம்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பது சாய்தட்டு பம்ப். இயந்திரவியலில் எனக்கு மிகவும் பிடித்த பொருள்களுள் ஒன்று. எஞ்சினின் பெல்ட் ஓர் உருளையைச் சுழற்றுகிறது. அந்த உருளைக்குள், அச்சுக்கு இணையாக, வட்டமாக அமைந்த துளைகளில் சில பிஸ்டன்கள். அவற்றின் முனைகள் சுழலாத ஒரு தட்டின் மீது வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. தட்டு அச்சுக்குச் செங்குத்தாக நின்றால் பிஸ்டன்கள் சும்மா சுற்றிவரும். உள்ளே போகவும் மாட்டா, வெளியே வரவும் மாட்டா. எண்ணெய் நகராது, சக்கரமும் நகராது.

இப்போது தட்டைச் சற்றே சாயுங்கள். சரிவான வட்டத்திடலின் விளிம்பில் நடப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவார் அல்லவா? பிஸ்டன்களும் அப்படித்தான். வெளியே வரும்போது எண்ணெயை உறிஞ்சி, உள்ளே போகும்போது தள்ளுகின்றன. அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் பல்சக்கரங்கள் வழியாகச் சக்கரங்களின் அச்சைச் சுழற்றுகிறது. சாய்வு கூடினால் பிஸ்டன் போய்வரும் தூரம் கூடும், வேகமும் கூடும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் உறிஞ்சும் வாயும் தள்ளும் வாயும் இடம் மாறிக்கொள்ளும். வண்டி பின்னால் வரும். இத்தனை நேரமும் எஞ்சின் தன் வேகத்தை மாற்றவே இல்லை! நம் கால் அழுத்தும் பெடல் மாற்றியதெல்லாம் ஒரு தட்டின் கோணத்தை மட்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பல் பீரங்கி மேடைகளைத் திருப்பப் பயன்பட்ட ஏற்பாடு இன்று வீட்டுப் புல்வெளிக்கு வந்திருக்கிறது.

ஸ்டியரிங் உள்ள டிராக்டர் வகை வண்டியில் இத்தகைய பம்ப் ஒன்று. 'ஜீரோ டர்ன்' வண்டியில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி லிவர். பின்சக்கரங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருக்கட்டும். ஒன்று மணிக்கு 6 கிலோமீட்டர், மற்றது 4 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டால், வண்டியின் நடுப்பகுதி 2.5 மீட்டர் ஆரத்தில் வளையும். ஒன்று முன்னாலும் மற்றது அதே வேகத்தில் பின்னாலும் உருண்டால் ஆரம் சுழி; நின்ற இடத்திலேயே திரும்பும். மரங்கள் நிறைந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஆனால் சரிவில் இதே அமைப்பு ஆபத்தாகிறது. ஜீரோ டர்ன் வண்டியின் முன்சக்கரங்கள் இழுத்த பக்கம் தாமாகத் திரும்புபவை. திசையை முடிவு செய்வதில் அவற்றுக்குப் பங்கில்லை. ஓட்டம், திருப்பம், நிறுத்தம் மூன்றும் பின்சக்கரங்களின் பிடிமானத்தை நம்பியே இருக்கின்றன. இறக்கத்தில் எடை முன்பக்கம் சாயும்போது பின்சக்கரங்களின் பிடி தளர்கிறது. புல் ஈரமாகவும் இருந்துவிட்டால் மூன்றையும் ஒரே நொடியில் இழக்க நேரிடும். டிராக்டர் வகையும் வழுக்கக்கூடியதுதான், ஆனாலும் முன்சக்கரங்களால் ஓரளவு திசை திருப்ப முடியும். பல கையேடுகள் 15 பாகையை எல்லையாகச் சொல்கின்றன. அதாவது 10 மீட்டர் கிடைத்தூரத்துக்குச் சுமார் 2.7 மீட்டர் ஏற்றம். இந்த எண்ணைக் குதிரைத்திறனைவிடப் பெரிய எழுத்தில் வண்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குதிரைத்திறன் மோகம் இன்னொன்றையும் மறைக்கிறது. சரிவில் ஏறும்போதும் சுமை இழுக்கும்போதும் பம்பின் எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும். பிஸ்டன்களின் இடைவெளிகளில் கசிந்து அழுத்தத்தை இழக்கும். எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும், வண்டி ஏறாது. ஆகவே விற்பவரிடம் பம்ப் எந்தச் சுமைக்கானது, அதன் எண்ணெயை மாற்ற வழி உண்டா என்று கேளுங்கள். சில மலிவான வண்டிகளில் அது மூடி முத்திரையிட்டே வருகிறது.

பிளேடு அகலம் பற்றிச் சிறு கணக்கு. 107 சென்டிமீட்டர் அகலம், மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம். திருப்பங்களுக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியும் தடங்களுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் மணிக்குச் சுமார் 5,000 சதுர மீட்டர் வெட்டலாம். அரை ஏக்கர் என்பது 2,000 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். அரை மணி நேரத்துக்குள் முடியும் வேலைக்கு அதைவிட அகலமான வண்டி வாங்கி மரங்களுக்கிடையே திணற வேண்டாம்.

வாசகர் முதலில் பின்பக்கச் சரிவை அளக்கட்டும். கைபேசியில் உள்ள சாய்வுமானியே போதும். சரிவு மென்மையாக இருந்தால் ஜீரோ டர்ன். 15 பாகையை நெருங்கினால், வலுவான பம்ப் உள்ள டிராக்டர் வகை. அதையும் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாகவே ஓட்ட வேண்டும். 15 பாகையைத் தாண்டினால் அந்தப் பகுதிக்கு எந்த வண்டியையும் கொண்டுபோக வேண்டாம். அங்கே வெட்டத் தேவையில்லாத புதர்ச்செடிகளை நட்டுவிடலாம்.