மையச் சுருள் இல்லாமல் பிளாஸ்மாவைத் தொடங்குவது எப்படி?

அணுக்கரு இணைவு பற்றிய செய்தி என்றாலே பத்துக் கோடி டிகிரி, பதினைந்து கோடி டிகிரி என்று வெப்பநிலைதான் தலைப்பில் இருக்கும். பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற சூடான வாயு) ஆய்வில் வேலை செய்யும் எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு: மின்னோட்டத்தை எப்படித் தொடங்கினார்கள்?

டோகாமாக் என்ற வளைய வடிவ காந்தக் கலத்தில் பிளாஸ்மா அடங்கி நிற்க, அதற்குள்ளேயே பெரும் மின்னோட்டம் ஓட வேண்டும். பிரான்சில் கட்டப்படும் ஐடெர் என்ற பன்னாட்டு இணைவு உலைக்கு 1.5 கோடி ஆம்பியர். வழக்கமாக இதைத் தொடங்கி வைப்பது நடுவில் நிற்கும் சொலினாய்டு என்ற மையச் சுருள். டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்று அது. பிளாஸ்மா வளையம் இரண்டாம் சுற்று. சொலினாய்டின் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்கும்வரைதான் தூண்டல் இருக்கும். எல்லை வந்ததும் அது நின்றுவிடும்.

கோள வடிவ டோகாமாக்கில் சிக்கல் இன்னும் பெரிது. நடுத்தண்டு மிக ஒல்லியானது. அதற்குள் காந்தச் சுருளின் செம்பு, மின்காப்பு, நியூட்ரான் கவசம் எல்லாம் அடங்க வேண்டும். மின் நிலையமாக ஓடும்போது நியூட்ரான்கள் மின்காப்பைக் கெடுக்கும். சொலினாய்டுக்கு அங்கே இடம் ஏது?

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள என்எஸ்டிஎக்ஸ் என்ற கோள வடிவ டோகாமாக் இதற்கு ஓர் அழகான வழி காட்டியது. கலத்தின் உள்சுவரையும் வெளிச்சுவரையும் மின்காப்பால் பிரித்து இரு மின்முனைகளாக்கி, அடியில் வாயுவை விட்டு, இடையே கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்தார்கள். மின்னோட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து பிளாஸ்மாவை மேலே தள்ளி, கலம் முழுக்க ஊதின. அப்புறம் செலுத்தும் மின்னோட்டத்தைச் சட்டென்று குறைத்தால், அடியில் காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைந்து மூடிய வளையங்களாகிவிடும். மின்முனையின் துணை இல்லாமலே பிளாஸ்மா தன் மின்னோட்டத்தோடு நிற்கும். 2006இல் இப்படி 1.6 லட்சம் ஆம்பியர் கிடைத்தது. எனக்கு இது பெரிய சாதனை.

ஆனால் மின்முனை உள்ள இடத்தில் மாசும் வரும். சுவரிலிருந்து கிளம்பும் ஆக்சிஜனும் கார்பனும் வெப்பத்தை ஒளியாகக் கொட்டிவிடும், பிளாஸ்மா சூடேறாது. சுவரைச் சுத்தம் செய்து லித்தியம் பூசிய பிறகுதான் நிலைமை தேறியது. அதன்பின் சொலினாய்டின் துணையோடு 10 லட்சம் ஆம்பியர் வரை ஏற்றியபோது, வழக்கத்தைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவான தூண்டலே தேவைப்பட்டது.

ஜப்பானில் கியோட்டோ, கியூஷு பல்கலைக்கழகங்கள் மின்முனையே வேண்டாம் என்று நுண்ணலையால் தொடங்குகின்றன. சுத்தமான வழி, மின்னோட்டம்தான் மெதுவாக ஏறும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பெகாசஸ் கருவி, ஓரத்தில் வைத்த சிறு மின்முனைகளால் சுமார் 2 லட்சம் ஆம்பியரை எட்டியது. அதன் அடுத்த வடிவமான பெகாசஸ்-3இல் சொலினாய்டே கிடையாது. இந்த வழிகளை ஒரே கலத்தில் ஒப்பிடத்தான் அதைக் கட்டினார்கள்.

சிறிய, மலிவான இணைவு உலை வருகிறது என்று யாராவது அறிவித்தால், வெப்பநிலையோடு இதையும் கேளுங்கள். சில லட்சம் ஆம்பியரிலிருந்து கோடிக்குப் போகும் பாதையில் சொலினாய்டு எத்தனை பங்கு சுமக்கிறது?