கூச்சமுள்ள குழந்தைக்கு நடனம் என்ன செய்கிறது?

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் பரதநாட்டிய வகுப்புகளுக்குப் புதிய குழந்தைகள் வந்து சேர்வார்கள். அவர்களில் சிலருடைய பெற்றோர், கலையார்வத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "ரொம்பக் கூச்சப்படுறா, யாரோடயும் பேச மாட்டேங்கறா, டான்ஸ்ல சேர்த்தா சரியாயிடும்" என்று சொல்லிவிடுவார்கள். திருவிடைமருதூர் நடன மரபைச் சேர்ந்த குருமார்கள் 1945-இல் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கியதிலிருந்து இந்நகரத் தமிழ்க் குடும்பங்களில் நடனப் பயிற்சி பழகிப்போன ஒன்று; அதனால் இந்த நம்பிக்கையும் பழையதாகவே இருக்க வேண்டும். நம்பிக்கை பெருமளவு சரிதான். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அதாவது மேடையேறினால் பயம் போய்விடும் என்பது, உடலும் மூளையும் இயங்கும் விதத்தோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. குழந்தைக்குள் நிகழும் மாற்றத்தில் பெரும்பகுதி மேடைக்கு வெகு முன்னதாக, யாரும் படம் எடுக்காத சாதாரண வகுப்புகளில் நிகழ்ந்துவிடுகிறது.

கூச்சத்திற்குப் பிறவியிலேயே ஓர் அடித்தளம் உண்டு என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் பல்லாண்டு ஆய்வுகளால் காட்டினார். நான்கு மாதக் குழந்தைகளுக்கு முன்னால் வண்ணப் பொம்மைகளை ஆட்டி, அறிமுகமற்ற குரல்களையும் மணங்களையும் அறிமுகப்படுத்தியபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை வேகமாக உதறி அழுதது. அத்தகைய குழந்தைகளே பின்னாளில் புதிய மனிதர்களையும் புதிய இடங்களையும் கண்டு ஒதுங்குபவர்களாக வளரும் வாய்ப்பு அதிகம் என்பது தொடர்ந்த கண்காணிப்பில் தெரியவந்தது. மூளையின் பக்கவாட்டு மடலுக்குள் பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும் அமிக்டலா என்னும் பகுதி, இவர்களிடம் புதியனவற்றை எளிதில் ஆபத்தென்று குறித்துவிடுகிறது. எனினும், இவர்களில் எல்லாரும் மிகுந்த கூச்சத்துடனேயே வளர்வதில்லை. பலர் காலப்போக்கில் நடுநிலைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். பிறவி இயல்பு ஒரு சாய்வைத் தருகிறதே ஒழிய, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அது மட்டும் முடிவு செய்வதில்லை.

மும்பைத் தமிழ்க் குழந்தையைப் பொறுத்தவரை இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வீட்டில் தமிழ், வகுப்பறையில் ஆங்கிலம், பள்ளி வேனில் இந்தி, கட்டடத்தின் கீழே விளையாடுமிடத்தில் மராத்தி என்று வாழும் ஐந்து வயதுக் குழந்தை, எந்த மொழியில் பதில் சொல்வது என்று யோசித்து நிற்பதைக்கூடப் பெரியவர்கள் கூச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தனிமையை விரும்பும் அமைதியான குழந்தையும் கூச்சமுள்ள குழந்தை அல்ல. பிறரோடு சேர விரும்பியும் அச்சத்தால் தயங்குவதே கூச்சம்.

அந்த அச்சத்தின்போது உடலில் நடப்பவை விசித்திரமானவை அல்ல. அமிக்டலாவின் சமிக்ஞையால் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. சற்றுப் பின்னால் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் உயர்கிறது. குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகளும் இறுகுவதால் குரல் தேய்ந்துபோகிறது. மன அழுத்தம் பற்றிய 208 ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி ஆகியோர், கார்ட்டிசாலை மிக அதிகமாக உயர்த்துவது இரண்டும் சேர்ந்த நிலைமை என்று 2004-இல் எழுதினார்கள்: பிறர் நம்மை மதிப்பிடுவது ஒன்று, நிலைமை நம் கையில் இல்லாதது மற்றொன்று. விருந்தினர் வந்ததும் "மாமாவுக்கு ஒரு டான்ஸ் ஆடிக் காட்டு" என்று குழந்தையைக் கூடத்தின் நடுவில் நிறுத்துவது, அன்பினால் செய்யப்பட்டாலும், இவ்விரண்டையும் துல்லியமாகச் சேர்த்துவிடும் ஏற்பாடு. குழந்தை ஓடிப்போய் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்ததும் படபடப்பு அடங்குகிறது. ஒளிந்துகொள்வதே நிவாரணம் என்று மூளை பதிவு செய்துகொள்கிறது. அடுத்த முறை அது இன்னும் சீக்கிரமாக ஓடும்.

நல்ல நடன வகுப்பின் அமைப்பு கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிரானது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பொதுக்கூடத்தில் சனிக்கிழமை காலையில் நடக்கும் தொடக்க வகுப்பைப் பார்த்தால் இது விளங்கும். ஆசிரியர் தரையில் அமர்ந்து தட்டுக்கழியால் மரக்கட்டையில் தட்டி, "தையா தை, தையா தை" என்று சொல்லத் தொடங்குகிறார். கடைசி வரிசையில் சுவரோரமாக நிற்கும் புதிய சிறுமி, முழங்கால்களை வெளிப்புறமாக மடக்கி நிற்கும் அரைமண்டியில் பாதிதான் உட்கார்ந்திருக்கிறாள். பாதத்தைத் தரையில் அடிக்காமல் வைத்து எடுக்கிறாள், தன் சத்தம் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. ஆனால் அடுத்து என்ன வரப்போகிறது என்பது அவளுக்கு முழுவதுமாகத் தெரியும். வலது, இடது, வலது, இடது. பிறகு அதுவே இரு மடங்கு வேகத்தில் இரண்டாம் காலம், பிறகு அதைவிடவும் இரு மடங்கு வேகத்தில் மூன்றாம் காலம். யாரும் கேள்வி கேட்பதில்லை, வாயைத் திறக்கத் தேவையில்லை, எல்லாரும் ஆசிரியரைப் பார்க்கிறார்களே தவிர அவளைப் பார்ப்பதில்லை. மதிப்பீடு மங்கலாகவும் கட்டுப்பாடு கைக்குள்ளும் இருக்கிற இந்த நிலையில், அச்சம் தயார்ப்படுத்தி வைத்த தசைகளுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது.

சில வாரங்களில் அவள் பாதம் ஒலி எழுப்பத் தொடங்கும். இதை வெறும் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. உள்ளங்கால் தரையில் அறையும்போது, தோலிலிருந்தும் தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் உடலின் நிலையைப் பற்றிய தகவல்கள் மூளைக்குச் செல்கின்றன. சிறுமூளை, நிகழப்போவதாகத் தான் கணித்த அசைவையும் உண்மையில் நிகழ்ந்த அசைவையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கொண்டு அடுத்த அசைவைத் திருத்துகிறது. போதிய தடவை திரும்பச் செய்தபின், மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகள் அந்த வரிசையைப் பொறுப்பேற்றுக்கொள்வதால், அவள் எண்ணிப்பார்க்காமலேயே கால் விழுகிறது. காது தட்டுக்கழியையும் பாதத்தையும் ஒன்றாகக் கேட்கிறது. தான் செய்தது சரி என்பதை யாரும் சொல்லாமலேயே அறிந்துகொள்ளும் வாய்ப்பு கூச்சமுள்ள குழந்தைக்கு அரிதாகவே கிடைக்கும் ஒன்று. தாளம் அதை ஒவ்வொரு தட்டிலும் கொடுக்கிறது.

'என்னால் இது முடியும்' என்னும் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை 1977-இல் ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, அதன் ஊற்றுகளில் மிக வலிமையானது தானே செய்து வென்ற அனுபவம் என்றார். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அதற்குத் துணை நிற்கிறது. பிறருடைய ஊக்கச்சொற்களுக்கு அவ்வளவு வலிமையில்லை. வீட்டில் வாரி வழங்கப்படும் பாராட்டுகளைவிட, முன்வரிசை அக்கா மூன்றாம் காலத்தில் தடுமாறிவிட்டு மறுபடி தொடங்குவதைப் பார்ப்பது குழந்தைக்கு அதிகப் பயன்தரலாம் என்பது என் கருத்து. நிமிர்ந்து கம்பீரமாக நின்றாலே ஹார்மோன்கள் மாறித் தன்னம்பிக்கை பிறக்கும் என்று 2010-இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்ற ஆய்வு, 2015-இல் அதிகப் பேரைக் கொண்டு மறுபடி செய்யப்பட்டபோது, ஹார்மோன் மாற்றம் எதையும் காட்டவில்லை. நடனம் முதுகை நிமிர்த்துவதால்தான் மனம் நிமிர்கிறது என்று எழுதுபவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

கவனம் எங்கே குவிகிறது என்பது இன்னொரு முக்கியமான கண்ணி. சமூக அச்சத்திற்கு டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, அச்சப்படுபவரின் கவனம் வெளியே நடப்பதிலிருந்து விலகித் தன்மீதே திரும்புகிறது. முகம் சிவக்கிறதா, கை நடுங்குகிறதா, நான் எப்படித் தெரிகிறேன் என்னும் கேள்விகளே மனத்தை நிறைக்க, எதிரில் இருப்பவர் புன்னகைப்பதுகூடப் பதிவாவதில்லை. மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடிய பொருள்கள் மிகச் சில. கால் ஒரு கணக்கில், கை ஒரு முத்திரையில், காது தாளச் சொற்களான ஜதியில் என்று அந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டால் தன்னைத் தானே கண்காணிக்க மிச்சமிருப்பது குறைவு. கை செல்லும் இடத்துக்குக் கண் செல்ல வேண்டும் என்கிறது அபிநய தர்ப்பணம் என்னும் பழைய நடன நூல். பிறர் கண்ணைப் பார்க்க அஞ்சி எப்போதும் தரையையே பார்க்கும் குழந்தைக்கு, கண்ணை வைப்பதற்கு ஓர் இடம் இதனால் கிடைத்துவிடுகிறது. சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த புதிய ஸ்டூடியோக்கள் அசைவைத் திருத்த உதவலாம். ஆனால் கண்ணாடி கவனத்தைத் தன்மீது திருப்புவது உளவியலில் நன்கறிந்த விளைவு என்பதால், முதல் சில மாதங்களுக்குக் கூச்சமுள்ள குழந்தையைக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தாமலிருப்பதே மேல்.

குழுவாக ஆடுவதற்குத் தனிப்பயன் ஒன்றும் உண்டு. பிரேசில் நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களைக் கொண்டு பிரான்வின் டார், ராபின் டன்பர் ஆகியோர் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நேரத்தில் ஒரே அசைவுகளைச் செய்து ஆடியவர்களுக்கு, ஆட்டத்தின் கடுமை எப்படியிருந்தாலும், வலியைத் தாங்கும் திறனும் உடன் ஆடியவர்கள்மீதான நெருக்கமும் கூடின. உடலே சுரக்கும் எண்டார்பின்கள் இதில் பங்கு வகிக்கின்றன என்பது அவர்கள் கருத்து. சேர்ந்து பாடி ஆடி விளையாடிய நான்கு வயதுக் குழந்தைகள், அப்படி விளையாடாதவர்களைவிட அதிகமாக ஒருவருக்கொருவர் உதவியதை செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டோமசெல்லோவும் 2010-இல் பதிவு செய்தார்கள். பேச்சைத் தொடங்கும் சிரமம் இல்லாமலேயே ஒரு குழுவில் இடம் கிடைத்துவிடுகிறது. மராத்திக் குழந்தையும் மலையாளக் குழந்தையும் அருகருகே ஆடும் மும்பை வகுப்பில் இது சிறிய வசதி அல்ல.

அடிப்படை அசைவுகளான அடவுகளைத் தாண்டி, உணர்வை முகத்தாலும் கையாலும் காட்டும் அபிநயத்துக்கு வரும்போது வெளிப்பாடு என்பது தொடங்குகிறது. தன் கோபத்தைத் தன் பெயரில் காட்டத் துணியாத குழந்தை, வெண்ணெய் திருடிய கண்ணனை அதட்டும் யசோதையாக விரலை நீட்டிக் கோபிக்கிறது. சிறு குழந்தைகள் பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகத் தங்களைப் பாவித்துக்கொண்டபோது, சலிப்பூட்டும் வேலையில் மற்றவர்களைவிட அதிக நேரம் நிலைத்திருந்தார்கள் என்று ரேச்சல் வைட் உள்ளிட்டோர் 2017-இல் கண்டறிந்தனர். அது விடாமுயற்சியைப் பற்றிய ஆய்வு, கூச்சத்தைப் பற்றியதல்ல. ஆயினும் பாத்திரத்தின் வழியாகத் தன்னிடமிருந்து ஓரடி விலகி நிற்பது குழந்தைக்குத் தன் உணர்வுகளைக் கையாள இடம் தருகிறது என்னும் விளக்கம், அபிநய வகுப்பில் காண்பதோடு ஒத்துப்போகிறது.

நடனத்தின் பலனை, நடன வகுப்பு இல்லாத ஒரு கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஸ்வீடனில் மன அழுத்தமும் உடல் உபாதைகளும் கொண்ட 13 முதல் 18 வயதுவரையிலான 112 பெண்களில் ஒரு பகுதியினருக்கு, வாரம் இருமுறை 75 நிமிடம் வீதம் எட்டு மாதங்கள் நடன வகுப்பு நடத்தப்பட்டது. தங்கள் உடல்நலத்தைப் பற்றிய அவர்களது மதிப்பீடு மற்றவர்களைவிட உயர்ந்ததாகவும், வகுப்புகள் முடிந்த பின்னும் அது நீடித்ததாகவும் 2013-இல் அறிவிக்கப்பட்டது. அந்த வகுப்புகளில் ஆட்டத்தின் தரத்தைவிட ஆடும் மகிழ்ச்சியே முதன்மையாக இருந்தது என்பதை, இரண்டே வருடத்தில், முதல் தனி மேடை நிகழ்ச்சியான அரங்கேற்றம் எப்போது என்று கேட்கத் தொடங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் மேடை அச்சம் அவ்வளவு எளிதில் பழகிப்போவதில்லை. போட்டிகளில் ஆடும் பால்ரூம் நடனக் கலைஞர்களை நிக்கோலஸ் ரோலெடர் குழுவினர் ஆராய்ந்து 2007-இல் எழுதிய கட்டுரையில், அனுபவசாலிகளுக்கும் போட்டி நாளில் கார்ட்டிசால் கணிசமாக உயர்வதையும், அடுத்தடுத்த போட்டிகளில் அது குறையாததையும் காட்டினார்கள். குழுவாக ஆடும்போது மட்டும், பார்வை பலர்மீது பரவுவதாலோ என்னவோ, இணையாக ஆடும்போது எழுந்த அளவுக்கு அது உயரவில்லை. நடுங்கும் உடலோடும் ஆட முடியும் என்பதைத்தான் தேர்ந்த கலைஞர் கற்றிருக்கிறார். அச்சத்தின் பழைய நினைவை மூளை அழிப்பதில்லை. 'இங்கே ஆபத்தில்லை' என்னும் புதிய நினைவை அதற்கு மேல் எழுதிக்கொள்கிறது, முன்மூளைப் புறணி அதைக் கொண்டு அமிக்டலாவைக் கட்டுப்படுத்துகிறது. இந்தப் புதிய நினைவு, அது உருவான இடத்தோடும் சூழலோடும் இறுகப் பிணைந்தது என்பது மார்க் பௌட்டன் முதலானோரின் ஆய்வுகளால் நிறுவப்பட்ட உண்மை. மாட்டுங்காக் கூடத்தில் கண்ணை உருட்டி ராட்சசியாக ஆடும் சிறுமி, சயானில் உள்ள தன் பள்ளியில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கத் தயங்குவதற்குக் காரணம் இதுவே. நடனம் பலிக்கவில்லை என்று அதற்குப் பொருளில்லை. கற்றது இன்னும் இடம் மாறவில்லை.

இடம் மாறுவதற்குச் சூழலைச் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். மும்பைத் தமிழர் வாழ்க்கையில் இதற்கான படிகள் ஆண்டுக் காலண்டரிலேயே இருக்கின்றன. நவராத்திரியில் தெரிந்த வீட்டுக் கொலுவின் முன் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு சிறு அடவுத் தொடர், அடுத்த ஆண்டு கணபதி விழாவில் சொந்தக் கட்டடத்தின் பந்தலில் குழு நடனம், பிறகு தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் தெரியாத முகங்களுக்கு முன்னால், அதன் பின்பே தனியாக என்று போகலாம். எந்தப் படியிலும் ஏற மறுக்கும் உரிமை குழந்தைக்கு உண்மையாகவே இருக்க வேண்டும், கட்டுப்பாடு கையை விட்டுப் போவதுதான் அச்சத்தின் பாதிக் காரணம் என்பதால்.

குரலுக்கும் இதே வழி உண்டு. "தையா தை" போன்ற சொற்கட்டுகளை வகுப்பு முழுவதும் சேர்ந்து கைத்தாளத்தோடு சொல்லும்போது கூச்சமுள்ள குழந்தையின் வாயும் அசையத் தொடங்கும். சேர்ந்து சொல்லும்போது திக்குவாய் உள்ளவர்களுக்கும் திக்கல் பெரிதும் குறைந்துவிடுவது மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டதே. வகுப்பை நான்கு பேராக, பின் இரண்டு பேராகப் பிரித்துச் சொல்லச் சொல்லும் ஆசிரியர், மேடையைக் காட்டிலும் பள்ளிக்கூடத்துக்கு நெருக்கமான ஒரு பயிற்சியைக் கொடுக்கிறார். இவையெல்லாம் சாதாரணக் கூச்சத்துக்குப் பொருந்தும். வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை, பள்ளியில் சேர்ந்த தொடக்க நாட்களின் தயக்கம் நீங்க வேண்டிய காலம் கடந்தும், ஒரு மாதத்துக்கு மேல் அங்கே ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்தால், அது தேர்வு மௌனம் எனப்படும் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்குக் குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். நடன வகுப்பு அந்தச் சிகிச்சையோடு சேர்ந்து நடக்கலாம், அதற்கு மாற்றாக அல்ல.